பூங்கா யாருக்கு? சென்னையின் பசுமை இடங்கள் பற்றி இளையோர் குழுக்களிடம் கேட்கப்படும் கேள்விகள்

சென்னையின் பூங்காக்களையும் கடற்கரையையும் சதுப்பு நிலத்தையும் காக்க வேண்டும், அவை எல்லோருக்கும் உரியவையாக இருக்க வேண்டும் என்ற இரண்டு நோக்கங்களோடு, கல்லூரி மாணவர்களும் அண்மையில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர்களும் சிறு சிறு குழுக்களாக இந்நகரில் இயங்கி வருகிறார்கள். அவர்களோடு சேர்ந்து வேலை செய்யும்போது குடியிருப்போர் சங்கக் கூட்டங்களிலும் கல்லூரி அரங்குகளிலும் குப்பங்களிலும் மாநகராட்சி மண்டல அலுவலகங்களிலும் திரும்பத் திரும்ப எழுகிற ஐயங்களை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

பார்க் எல்லாருக்கும் திறந்துதானே இருக்கு? யாரை உள்ளே விடலைன்னு சொல்றீங்க?

எந்தப் பூங்காவின் வாசலிலும் இன்னார் வரக் கூடாது என்று பலகை கிடையாது. ஆனாலும் நேரம், வாசலின் அமைப்பு, கட்டணம், காவலாளியின் பார்வை ஆகிய நான்கும் அந்தப் பலகையின் வேலையைச் செய்துவிடுகின்றன. பல பூங்காக்கள் விடியற்காலையில் திறந்து, நடைப்பயிற்சிக்காரர்கள் வீடு திரும்பியதும் பூட்டப்பட்டு, மாலையில்தான் மறுபடியும் திறக்கின்றன. நான்கு வீடுகளில் வேலை முடித்துவிட்டு நண்பகலில் ஒரு மணி நேரம் ஓய்வு கிடைக்கிற பெண்ணுக்கும், வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டு அடுத்த ஆர்டருக்குக் காத்திருக்கிற இளைஞருக்கும், நிழல் மிகவும் தேவைப்படுகிற அந்த நேரத்தில்தான் வாசல் பூட்டிக் கிடக்கிறது.

இருசக்கர வண்டி நுழையாமல் தடுக்க வைக்கப்படும் வளைவுக் கம்பி வாசல் சக்கர நாற்காலியையும் குழந்தை வண்டியையும் சேர்த்தே தடுக்கிறது. யாரையும் விலக்க வேண்டும் என்று நினைத்து அதை வைத்திருக்க மாட்டார்கள். வடிவமைத்தவர்களின் மனத்தில் இவர்கள் இல்லை, அவ்வளவுதான். விலக்கல் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

மாற்றுத்திறனாளிகளுக்கு மெரினாவில் பாதை போட்டாச்சே, அது போதாதா?

அந்தப் பாதை பெரிய வெற்றி, அதை யாரும் குறைத்துச் சொல்ல வேண்டாம். பல ஆண்டுகள் டிசம்பர் 3ஆம் நாளான மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டிச் சில நாள்களுக்கு மட்டும் மணலில் தற்காலிகப் பாதை விரிக்கப்பட்டு, பிறகு சுருட்டப்பட்டுவிடும். கடலைப் பார்க்க ஆண்டு முழுவதும் காத்திருந்தவர்கள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததால் 2022 நவம்பர் 27 அன்று 263 மீட்டர் நீளமுள்ள நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. முதன்முறையாக அலை காலில் பட்டபோது முதியவர்கள் சிலர் அழுததை நகரமே பார்த்தது. இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில் மாண்டஸ் புயலில் பாதையின் ஒரு பகுதி சேதமடைந்து, பின்னர் சரிசெய்யப்பட்டது.

ஆனால் இது ஒரு கடற்கரையில் ஒரு பாதை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொது இடங்கள் அனைத்தையும் அணுகத்தக்கவையாக மாற்றச் சொல்கிறது. அணுகல் தரநிலைகளை வெறும் பரிந்துரையாக வைத்திருக்க முடியாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறியது. சாய்தளம் ஒரு அடி உயர்வதற்குக் குறைந்தது 12 அடி நீளம் இருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதிப் பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள். சாய்தளம் என்ற பெயரில் சறுக்குமரங்கள் கட்டப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். பார்வையற்றோர் காலால் உணர்ந்து நடப்பதற்கான தடத்தரை, சக்கர நாற்காலி திரும்புகிற அளவுக்கு இடமுள்ள கழிப்பறை, பேரிரைச்சலைத் தாங்க முடியாத குழந்தைகளுக்கு ஓர் அமைதியான மூலை ஆகியவையும் இந்தக் கணக்கில் சேரும்.

நுழைவுக் கட்டணம் வாங்கினால்தானே பராமரிக்க முடியும்?

பராமரிப்புக்குப் பணம் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அந்தப் பணத்தை வாசலில்தான் வாங்க வேண்டுமா என்பதே கேள்வி. கதீட்ரல் சாலையில் 2024 அக்டோபரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறக்கப்பட்டபோது பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 100 ரூபாய். உள்ளே விளையாட்டுகளுக்குத் தனிக் கட்டணம். பெற்றோரும் இரண்டு பிள்ளைகளும் கொண்ட ஒரு குடும்பம் போய் வர ஆகும் செலவு, தினக்கூலிக்காரரின் ஒரு நாள் வருமானத்தில் பெரும் பங்கு. நகரத்தின் நடுவில் அமைந்த பொது நிலம் இப்படிச் சிலருக்கு மட்டும் ஆகிவிடுகிறது.

2024இல் ஒன்பது செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியார் பராமரிப்பில் விட்டு, மணிக்கணக்கில் கட்டணம் வாங்கச் சென்னை மாநகராட்சி முடிவு செய்தது. எதிர்ப்பு கிளம்பியதும் முடிவு திரும்பப் பெறப்பட்டது. வட சென்னையின் கால்பந்து வீரர்கள் காசு கொடுத்து விளையாடி வளர்ந்தவர்கள் அல்லர் என்ற ஒரு வாதமே அதற்குப் போதுமானதாக இருந்தது. வாடகை வீட்டில் இருப்பவரும் வாடகையின் வழியாகச் சொத்து வரியைச் சுமக்கிறார். பொது நிதியில் பராமரிக்கப்படும் இடத்துக்கு அவர் ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டார்.

பெண்களுக்குத் தனியாக ஒரு பூங்கா ஒதுக்கிவிட்டால் பிரச்சினை தீராதா?

சில இடங்களில் தனிப் பூங்கா உதவும். வீட்டில் அனுமதி கிடைக்க அதுவே ஒரே வழியாக உள்ள பெண்களும் இருக்கிறார்கள். ஆனால் அது மற்றப் பூங்காக்கள் எல்லாம் ஆண்களுக்கு என்ற எண்ணத்தைச் சத்தமில்லாமல் உறுதிப்படுத்துகிறது. மாலை ஏழு மணிக்கு ஒரு பூங்காவுக்குள் போய் எத்தனை பெண்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நடப்பவர்கள் இருப்பார்கள், குழந்தையைக் கூட்டி வந்தவர்கள் இருப்பார்கள். காரணம் எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருப்பவர்களைக் காண்பது அரிது.

நாங்கள் கேட்பவை எளியவை: திறந்திருக்கிற, தண்ணீர் வருகிற கழிப்பறை, வெளியிலிருந்து உள்ளே தெரியும்படியான சுற்றுச்சுவர், இருண்ட மூலை இல்லாத விளக்கமைப்பு, பேருந்து நிறுத்தத்திலிருந்து வாசல் வரை நடக்கத்தக்க நடைபாதை. சென்னை மாநகராட்சியில் 2022 முதல் பாலினக் கொள்கை ஆய்வகம் ஒன்று இயங்குவதால், இத்தகைய கோரிக்கைகளைக் கொண்டு செல்ல ஓர் இடமாவது இப்போது உண்டு. பூங்காவில் திருநங்கையர் உட்கார்ந்தாலே காவலாளி எழுப்பிவிடுகிறார் என்ற புகாரும் இதோடு சேர்த்துப் பேசப்பட வேண்டியது.

எல்லாரையும் உள்ளே விட்டால் குடிகாரர்களும் காதலர்களும்தானே உட்கார்ந்திருப்பார்கள்?

குடித்துவிட்டுத் தகராறு செய்வது குற்றம். அதற்குச் சட்டம் இருக்கிறது. இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது குற்றம் இல்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதை நிறுத்தினாலே பாதிக் குழப்பம் போய்விடும். பத்துக்குப் பத்து வீட்டில் ஆறு பேர் வாழ்கிற நகரத்தில், தனியாகப் பேச இளையோருக்கு வேறு எந்த இடத்தை நாம் கொடுத்திருக்கிறோம்? கூட்டம் இருக்கிற பூங்காதான் பாதுகாப்பான பூங்கா என்பதே எங்கள் அனுபவம். பூட்டி வைக்கப்பட்ட பூங்காவுக்குள் சுவரேறிக் குதிப்பவர்கள் யார் என்று அக்கம்பக்கத்தாரைக் கேட்டுப் பாருங்கள்.

இதெல்லாம் அமெரிக்காக்காரன் பேச்சு. நம்ம ஊருக்கு எதற்கு?

அமெரிக்காவில் இப்படி ஒரு இயக்கம் இருப்பது உண்மை. 2020 மே மாதம் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் பறவை பார்த்துக்கொண்டிருந்த கறுப்பினத்தவர் ஒருவர்மீது ஒரு பெண் காவல்துறையிடம் பொய்யாகப் புகார் சொன்னதை அடுத்து, கறுப்பின இளம் இயற்கையாளர்கள் சில நாள்களிலேயே கறுப்பினப் பறவை நோக்கர் வாரத்தைத் தொடங்கினார்கள். அதிலிருந்து கற்றுக்கொள்ள நிறைய உண்டு.

ஆனால் பொது இடம் யாருக்கு உரியது என்ற கேள்வியை நமக்கு வெளியூரார் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பொதுச் சாலைகளிலும் கிணறுகளிலும் குளங்களிலும் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு உரிமை உண்டு என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தது 1924இல். மகாட் நகரின் சவுதார் குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் அருந்தியது 1927 மார்ச் 20இல். அந்தப் போராட்டங்களின் சாரம்தான் அரசமைப்புச் சட்டத்தின் 15(2) ஆம் பிரிவாக நிற்கிறது: அரசு நிதியில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், நீராடும் துறை, சாலை, பொதுமக்கள் கூடும் இடம் எதிலும் சாதி, சமயம், இனம், பால், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணமாகக் காட்டி யாரையும் தடுக்க முடியாது. பூங்காவும் பொதுமக்கள் கூடும் இடம்தான்.

பூங்கா வேறு, இயற்கைப் பாதுகாப்பு வேறு. இரண்டையும் ஏன் குழப்புகிறீர்கள்?

இரண்டுக்கும் வேலி உண்டு, வேலிக்குள் யார் என்று முடிவு செய்பவர்களும் உண்டு. கிண்டி தேசியப் பூங்காவின் பரப்பு சுமார் 2.7 சதுர கிலோமீட்டர்தான். அதை ஒட்டிய ஆளுநர் மாளிகையும் 1959இல் தொடங்கப்பட்ட ஐ.ஐ.டி. வளாகமும் அதே காட்டின் தொடர்ச்சியில் அமைந்தவை. அங்கே வசிப்போரும் படிப்போரும் மான்களோடு வாழ்கிறார்கள். வேளச்சேரியிலிருந்து வரும் பொதுமக்களோ சிறுவர் பூங்காவையும் பாம்புப் பண்ணையையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். காட்டுக்குள் போக வனத்துறையின் அனுமதி வேண்டும். காட்டைத் திறந்துவிடச் சொல்லவில்லை. காட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழும் வாய்ப்பு யாருக்குக் கிடைத்தது என்பதைப் பார்க்கச் சொல்கிறோம்.

பாம்பு பிடிப்பதில் தேர்ந்த இருளர் பழங்குடியினரின் கதை இன்னும் அழுத்தமானது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் பாம்புத்தோல் வணிகம் நின்றது. அது நிற்க வேண்டியதுதான். ஆனால் அதை நம்பியிருந்த இருளர் குடும்பங்கள் ஒரேயடியாக வாழ்வாதாரம் இழந்தன. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்து, அதே அறிவு பாம்புக்கடி மருந்துக்கான நஞ்சு எடுக்கும் தொழிலாக மாறியது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. மக்களின் அறிவுக்குள் கால் ஊன்றி நின்ற பாதுகாப்பு முயற்சி நாற்பது ஆண்டுகளைத் தாண்டியும் நீடிக்கிறது.

ஆற்றை மீட்க வேண்டுமானால் கரையில் இருப்பவர்கள் போகத்தானே வேண்டும்?

எல்லாக் கேள்விகளிலும் இதுவே கடினமானது. மேலோட்டமாகப் பதில் சொல்ல முடியாது. கூவம், அடையாறு கரைகளில் வெள்ள அபாயத்தில் இருக்கும் வீடுகள் உண்டு. அங்கிருந்து பாதுகாப்பான இடத்துக்குப் போக விரும்புகிறவர்களும் உண்டு. ஆனால் போகச் சொன்ன இடம் எது என்று பாருங்கள். 2000ஆம் ஆண்டிலிருந்து கண்ணகி நகரிலும், பிறகு செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. மூன்றுமே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய, நீர் வடியும் தாழ்வான பகுதிகள். ஆற்றோர வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லி அனுப்பப்பட்டவர்களின் புதிய குடியிருப்புகளை 2015 மழை சூழ்ந்தது. செம்மஞ்சேரியில் பெருமழை பெய்யும் ஆண்டுகளில் இன்றும் அதுதான் நிலைமை.

அதே சதுப்பு நிலப்பகுதியில் தகவல் தொழில்நுட்ப வளாகங்களும் கல்வி நிறுவனங்களும் பெருங்குடிக் குப்பைக் கிடங்கும் அமைந்தன. அவற்றை அகற்றும் பேச்சு இந்த வேகத்தில் எழவில்லை. ஆற்றை மாசுபடுத்துவதில் பெரும் பங்கு நகரம் முழுவதிலிருந்தும் வந்து கலக்கும் கழிவுநீருக்கு உண்டு. கரையில் குடிசை போட்டவருக்குக் கழிவுநீர்க் குழாய் இணைப்பே கொடுக்கப்படவில்லை. மூன்று தலைமுறையாக ஓரிடத்தில் வாழ்ந்தவர்களை, பள்ளி ஆண்டின் நடுவில், வேலை செய்யும் இடத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் இறக்கிவிட்டு, காலியான இடத்தில் நடைபாதையும் புல்வெளியும் அமைப்பதை ஆற்றின் மீட்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அபாயமான இடத்திலிருந்து மாற்றியே ஆக வேண்டுமென்றால், அதே வட்டாரத்தில், அவர்களின் சம்மதத்தோடு, முதலில் வீடு, பிறகு இடம்பெயர்வு என்ற வரிசையில் நடக்க வேண்டும்.

அப்படியானால் பள்ளிக்கரணையில் வேலியே கூடாது என்கிறீர்களா?

கூடும். 2022இல் ராம்சர் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட சுமார் 1,247 எக்டேர் பரப்பில், பறவைகள் கூடு கட்டும் இடங்களுக்குள் யாரும் போகாமல் இருப்பதே நல்லது. அனைவரையும் உள்ளடக்குவது என்பதற்கு எல்லா இடத்தையும் எல்லோரும் மிதிக்கலாம் என்று பொருள் கொள்ளக் கூடாது. மூடவேண்டிய இடத்தை எல்லோருக்கும் ஒரேபோல மூட வேண்டும், அடுக்குமாடி கட்டுபவருக்கும் சேர்த்து. புல் அறுக்கவும் மீன் பிடிக்கவும் வந்தவரைத் துரத்திவிட்டு, பக்கத்தில் மண் கொட்டி மேடாக்கும் லாரியைக் கண்டும் காணாமல் விடும் வேலியைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம்.

ஆமைகள் சாவதே மீனவர்களால்தானே? அவர்களோடு சேர்ந்து எப்படி ஆமையைக் காப்பாற்றுவது?

சென்னைக் கடற்கரையில் மாணவர்கள் நடத்தும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் இயங்குகிறது. ஜனவரி முதல் நள்ளிரவில் மணலில் நடந்து, முட்டைகளைச் சேகரித்து, பொரிப்பகத்தில் புதைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். இளையோர் நகரத்தில் நடத்திய பாதுகாப்பு முயற்சிகளில் இவ்வளவு நீண்ட வரலாறு உள்ளவை குறைவு. 2025 ஜனவரியில் சென்னையிலும் அதை ஒட்டிய கரையிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலிவ் ரிட்லி ஆமைகள் இறந்து ஒதுங்கியபோது, எல்லோரும் மீனவர்கள் என்ற ஒரே சொல்லால் பழி சொன்னார்கள்.

விசைப்படகுகள் கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் மீன்பிடிக்கக் கூடாது என்பது தமிழ்நாட்டு விதி. அதை மீறி வரும் இழுவலையில் சிக்கும் ஆமை, மூச்சு வாங்க மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகிறது. அதே இழுவலை, குப்பத்து ஃபைபர் படகுக்காரரின் வலையையும் அறுத்து, அவருடைய மீனையும் வாரிக்கொண்டு போகிறது. ஊரூர் குப்பத்து மீனவரும் ஆமையும் ஒரே விதிமீறலால் பாதிக்கப்படுகிறவர்கள் என்பதைப் புரிந்துகொண்டால் யாரோடு சேர்ந்து நிற்பது என்ற குழப்பம் இருக்காது. காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து இன்று எங்கே ஆமை ஏறும் என்று சொல்லக்கூடியவர்களும் அவர்கள்தான்.

ஆமைக்காக விளக்கை அணை என்கிறீர்கள், பெண்களுக்காக விளக்குப் போடு என்கிறீர்கள். எது சரி?

இரண்டும். பொரிந்த குஞ்சுகள் வெளிச்சமான திசையைக் கடல் என்று நம்பி ஊர்வதால், உயரக் கம்பத்து வெள்ளை விளக்கு அவற்றைச் சாலைக்கு இழுக்கிறது. மேலே பெண்களைப் பற்றிய கேள்வியில் சொன்ன விளக்கமைப்புக்கு அந்த உயரக் கம்பம் தேவையே இல்லை. தரையை மட்டும் நோக்கி, கடல் பக்கம் மறைப்பு வைத்து, மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நிறத்தில் எரியும் தாழ்வான விளக்குகள் நடப்பவருக்குப் போதும். குஞ்சையும் குழப்புவது குறைவு. எந்தத் தெருவில் விளக்கு இருந்தே தீர வேண்டும் என்பதைக் கடற்கரைக் குப்பத்துப் பெண்களைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். நகரின் மறுகோடியிலிருந்து வந்து விளக்கை அணைக்கச் சொல்பவர், இரவில் அந்தத் தெருவில் கழிப்பறைக்கு நடந்து போகிறவர் இல்லை.

பறவை பார்ப்பதெல்லாம் இங்கிலீஷ் பேசுறவங்க பொழுதுபோக்குதானே?

அப்படி ஆகிப்போனது, ஆனால் அப்படி இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சில ஆயிரம் ரூபாய் இருநோக்கி (பைனாகுலர்), ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கார் இருந்தால்தான் போய்ச் சேரக்கூடிய இடம், ஆங்கிலத்தில் மட்டும் விளக்கம். இந்த மூன்றும் சேர்ந்து ஆளை வடிகட்டுகின்றன. ஒரு குழுவுக்கு நான்கு இருநோக்கிகள் இருந்தால் இருபது பேர் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். பேருந்து போகும் ஏரியைத் தேர்ந்தெடுக்கலாம். ஞாயிறும் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்காக நடையை மாலைக்கு மாற்றலாம். 2015 முதல் தமிழ்நாட்டில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் வீட்டு மொட்டை மாடியிலிருந்தே பங்கெடுக்க முடியும்.

பெரும்பாக்கத்தின் அடுக்குமாடி வீடுகளிலிருந்து கீழே பார்த்தால் நீர்ப்பரப்பு. நாமக்கோழியையும் நீலத்தாழைக்கோழியையும் நத்தைகுத்தி நாரையையும் அங்கிருக்கிற பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். எந்தப் பறவை எப்போது வந்தது, எப்போது போனது என்ற அவர்களின் குறிப்புகள், மாதம் ஒருமுறை வந்து போகிறவரின் பட்டியலைவிட அறிவியலுக்குப் பயன்படும்.

எங்க வார்டில் தொடங்கணும்னா முதலில் என்ன செய்வது?

ஒரு பூங்காவைத் தேர்ந்தெடுங்கள். வேலைநாளில் காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளையும் போய் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று எழுதுங்கள். வாசலின் அகலத்தையும் சாய்தளத்தையும் அளந்து, கழிப்பறையைத் திறந்து பாருங்கள். அதன்பின் பூங்காவுக்கு வராதவர்களைத் தேடிப் போய்க் காரணம் கேளுங்கள். உள்ளே இருப்பவர்களிடம் மட்டும் கருத்துக் கேட்டால் எல்லாம் நன்றாக இருப்பதாகவே தெரியும்.

சிறு பழுதுகளுக்கு மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். பராமரிப்பு ஒப்பந்தம், ஒப்பந்ததாரரின் கடமைகள், திறப்பு நேரம் ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம்; 30 நாள்களில் பதில் வர வேண்டும். வார்டுக் குழு, வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடும் பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகள் 2022இல் வெளியாகிவிட்டன. பகுதி சபையில் எழுத்து மூலம் கொடுக்கும் கோரிக்கைக்கு, வாட்ஸ்அப் குழுவில் போடும் கோபத்தைவிட மதிப்பு அதிகம். பூங்காவே இல்லாத பகுதி என்றால் ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீட்டு) நிலம் பற்றி விசாரியுங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் சாலை நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைப் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்தவெளியாகக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அப்படிக் கொடுக்கப்பட்ட நிலத்தைச் சுற்றிக் குடியிருப்பின் மதில் எழுந்து, பொதுமக்கள் போக முடியாமல் இருப்பதைப் பல இடங்களில் காணலாம்.

பூங்கா அழகானதும் வாடகை ஏறிவிடாதா? கடைசியில் ஏழைகள்தானே வெளியேற வேண்டும்?

இந்த அச்சம் நியாயமானது. நீர்நிலை சீரமைக்கப்பட்டதும் வீட்டு விளம்பரங்களில் ‘ஏரி பார்த்த வீடு’ என்று விலை ஏறுவதை எல்லோரும் பார்க்கிறோம். பூங்காவே வேண்டாம் என்று முடிவெடுத்தால் இழப்பு மறுபடியும் அதே மக்களுக்குத்தான். ஒரே இடத்தில் பல கோடியில் காட்சிப் பூங்கா அமைப்பதற்குப் பதில், நடந்து போகும் தூரத்தில் எல்லா வார்டுகளிலும் சிறிய, நிழலுள்ள, கட்டணமில்லாத இடங்கள் வந்தால் விலையேற்றம் ஓரிடத்தில் குவியாது. அதோடு, அங்கே ஏற்கெனவே வாழ்கிறவர்களுக்கு வீட்டுப் பட்டா கிடைத்திருக்க வேண்டும். அந்த வரிசை மாறினால் ஆற்றங்கரை பற்றிய பதிலில் சொன்ன அதே கதைதான் நடக்கும்.

நீங்களே படித்த நடுத்தரவர்க்கப் பிள்ளைகள்தானே? மற்றவர்களுக்காகப் பேச உங்களுக்கு என்ன உரிமை?

மற்றவர்களுக்காகப் பேச எங்களுக்கு உரிமை இல்லை, பேசவும் கூடாது. எங்களில் பலருக்கு ஆங்கிலம் வரும், விண்ணப்பம் எழுதத் தெரியும், அலுவலகத்தில் நாற்காலி கொடுத்து உட்கார வைப்பார்கள். அந்த வசதியைக் கூட்டத்துக்கு நேரம் வாங்கவும் ஆவணம் தேடவும் பயன்படுத்தலாம். கூட்டத்தில் பேச வேண்டியவர் கண்ணகி நகரிலிருந்து வரும் பெண்ணும் சக்கர நாற்காலியில் வரும் மாணவரும்தான். கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் வளர்ந்த இளைஞர்கள் தாங்களே குழு அமைத்து இயங்குகிறார்கள் என்பதையும் இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் அறிய வேண்டும்.

நடைமுறையில் இதன் பொருள் சில சிறிய ஏற்பாடுகள். கூட்டம் தமிழில் நடக்க வேண்டும். ஒரு நாள் வேலையை விட்டு வருகிறவருக்கு அன்றைய கூலியும் பேருந்துச் செலவும் கொடுக்க வேண்டும், வல்லுநருக்குக் கொடுப்பதுபோல. முடிவெடுக்கும் குழுவில் அவர்களுக்கு இடம் இருக்க வேண்டும், திறப்பு விழா மேடையில் மட்டும் போதாது. ஒரு வரைபடம் முடிவான பிறகு கருத்துக் கேட்பதை நாங்கள் கலந்தாய்வு என்று ஏற்பதில்லை. அப்படி அழைக்கப்படும் கூட்டங்களுக்குப் போனாலும், வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடும் முன் அந்த ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.